மலத்தில் இரத்தம் போனால் எல்லாம் மூலமா?

வெளிக்குப் போகையில் இரத்தம் போகிறது என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் உடனே சொல்வது, "மூலமா இருக்கும்" என்பதுதான். அடுத்தபடியாக, "உடம்புச் சூடுங்க, இளநீர் குடிங்க, கருணைக்கிழங்கு சாப்பிடுங்க" என்று யோசனை வரும். கருணைக்கிழங்கு நல்ல உணவு, அதைக் குறை சொல்வதற்கில்லை. மூலம் என்று சொல்வதும் அநேகமாகச் சரியாகவே இருக்கும். மூலம், ஆசனவாய் வெடிப்பு, சீதபேதி ஆகியவைதான் நம் பக்கத்தில் மலத்தோடு சிவப்பு இரத்தம் போவதற்குச் சாதாரணமான காரணங்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோயும் இருக்கக் கூடும் என்பதால், அவர்கள் கட்டாயம் சோதனை செய்து கொள்ள வேண்டும்.

இவற்றில் எதிலும் சேராத காரணங்களும் பல உள்ளன. அவை அபூர்வமானவை. அபூர்வம் என்பதாலேயே அவற்றை யாரும் நினைப்பதில்லை. மூலம் என்று ஒரு முறை பெயர் வைத்துவிட்டால், ஆறு மாதமோ ஒரு வருடமோ அதற்கே மருந்து நடக்கிறது. அதற்குள் அந்தக் குழந்தையோ தாயோ வெளுத்துப் போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்து விடுகிறார்கள். இந்தப் பிரசுரம் அந்த அபூர்வக் காரணங்களைப் பற்றியது. எந்த அடையாளத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும், "ஒன்றுமில்லை" என்று ஒரு சோதனையில் வந்த பிறகும் ஏன் விட்டுவிடக் கூடாது என்பதை நாம் தெரிந்து கொள்வதற்காக எழுதப்பட்டது.

நிறத்தைக் கவனியுங்கள்

மலத்தைத் திரும்பிப் பார்ப்பது அருவருப்பு என்று நினைப்பவர்கள் அநேகர். கைக்குழந்தையின் மலத்தைத் தாய் தினமும் பார்த்துத்தான் அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்து கொள்கிறாள். பெரியவர்களும் அப்படியே பார்க்க வேண்டும். ஏனென்றால் டாக்டர் கேட்கப் போகும் முதல் கேள்வியே இரத்தத்தின் நிறம் என்ன, எப்படி வந்தது என்பதுதான்.

மலம் கழிந்த பிறகு சொட்டுச் சொட்டாகப் புது இரத்தம் விழுந்தால் அது ஆசனவாய்க்கு அருகிலிருந்து வருவதாக இருக்கலாம். மலத்தோடு கலந்து செங்கல் நிறத்திலோ, நாவல்பழச் சாறு போன்ற கருஞ்சிவப்பிலோ போனால் அது இன்னும் மேலே, சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்தோ பெருங்குடலின் வலது பக்கத்திலிருந்தோ வரக்கூடும். தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, தாங்க முடியாத நாற்றத்துடன் போனால் பெரும்பாலும் இரைப்பையிலிருந்தோ முன் சிறுகுடலிலிருந்தோ வந்த இரத்தம் வழியில் கறுத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. இரைப்பைப் புண்ணிலிருந்து இரத்தம் வேகமாகக் கொட்டினால் கறுப்பதற்கு நேரமில்லாமல் சிவப்பாகவே கீழே வந்து விடும். கீழ்வழியாக ஏராளமாகச் சிவப்பு இரத்தம் போய்த் தளர்ந்து வருகிறவர்களில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கு இரத்தம் வரும் இடம் மேலேதான் இருக்கிறது. "எனக்குக் கீழேதானே ரத்தம் போவுது, வாய் வழியா ஏன் குழாய் விடறாங்க?" என்று ஆஸ்பத்திரியில் சண்டை பிடிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக் கொள்ளவும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும். அது இரத்தம் அல்ல. தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இராது. இதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் மலம் சிவந்து காணப்படுவதும் அப்படியே.

நடுவில் இருக்கும் இருட்டு

வாயிலிருந்து ஆசனவாய் வரை நம் உணவுப் பாதை ஒரே குழாய். வாய் வழியாக விடும் சாதாரண உள்நோக்கிக் கருவி இரைப்பையையும் முன் சிறுகுடலையும் பார்த்து விடும். ஆசனவாய் வழியாக விடும் கொலனாஸ்கோப்பி, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் முழுவதையும், சிறுகுடலின் கடைசிச் சிறு பகுதியையும் பார்த்து விடும். இரண்டுக்கும் நடுவே சுமார் 5 முதல் 6 மீட்டர் சிறுகுடல், சுருட்டி வைத்த கயிறு போல வயிற்றுக்குள் கிடக்கிறது. அங்கே இந்த இரண்டு கருவியும் எட்டாது. உணவுப் பாதையில் இரத்தம் கசிகிறவர்களில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு மேலே பார்த்தும் கீழே பார்த்தும் காரணம் அகப்படாமல் போகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இந்த நடுப் பகுதியில்தான் ஒளிந்திருக்கும்.

மற்றொரு சிரமம், குடலில் வரும் இரத்தப் போக்கு தானாகவே நின்று விடுவது. ஒரு வாரம் போகும், பிறகு மூன்று மாதம் ஒன்றும் இருக்காது. நின்ற பிறகு பார்த்தால் இடம் தெரியாது. நோயாளியும், "அதான் நின்னு போச்சே" என்று சோதனைக்கு வராமல் இருந்து விடுகிறார்.

குழந்தைகளுக்கு வரும்போது

குழந்தைக்கு மூலம் வருவது மிகவும் அபூர்வம். ஆகவே குழந்தை மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்ற பேச்சையே விட்டு விடலாம். முக்கிப் போவதால் வரும் வெடிப்பும் சீதபேதியும்தான் சாதாரணம். அடுத்தபடி பாலிப் என்னும் சதை வளர்ச்சி. 2 வயதிலிருந்து 10 வயதுக்குள் வரும். செர்ரிப் பழம் போலச் சிவந்து, ஒரு காம்பில் தொங்கும். வலி இருக்காது; மலத்தின் மேல் இரத்தம் பூசினாற்போல் வரும். கொலனாஸ்கோப்பி மூலமாகக் கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்து விடலாம், தையல் கிடையாது. ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் தொடர்ந்து பார்த்து வர வேண்டும், குடும்பத்தில் மற்றவர்களையும் விசாரிக்க வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு ஓர் அவசர நிலை உண்டு. குடலின் ஒரு துண்டு அடுத்த துண்டுக்குள், தொலைநோக்கியை மடக்குவது போலச் செருகிக் கொள்ளும். முக்கியமாக 4 மாதம் முதல் 2 வயதுக்குள் இது வரும். குழந்தை திடீரென்று வீறிட்டு அழுது காலை மடக்கிக் கொள்ளும், சிறிது நேரம் ஓய்ந்து கிடக்கும், மறுபடி அழும். வாந்தி எடுக்கும். கடைசியில் சளியும் இரத்தமும் கலந்து செந்நிற ஜெல்லி போலப் போகும். "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டவும், தொக்கம் எடுக்கவும் தூக்கிக் கொண்டு அலையும் நேரத்தில் அந்தக் குடல் துண்டுக்கு இரத்த ஓட்டம் நின்று விடுகிறது. சீக்கிரம் கொண்டு வந்தால் ஸ்கேனில் பார்த்துக் கொண்டே ஆசனவாய் வழியாகக் காற்றோ உப்பு நீரோ செலுத்திப் பிரித்து விட முடியும். தாமதித்தால் வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இனி மெக்கல் பை என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வயிற்று வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. விளையாடிக் கொண்டிருந்த இரண்டு வயதுப் பிள்ளை திடீரென்று கால்சட்டை நனைய இரத்தமாகப் போகிறது என்று வைத்துக் கொள்வோம். வீட்டில் எல்லோரும் கதிகலங்கிப் போவார்கள். மறுநாள் நின்று விடும், எல்லோரும் மறந்தும் விடுவார்கள். இப்படி வலியில்லாமல் நிறைய இரத்தம் போகும் சிறு பிள்ளைக்கு டாக்டர்கள் முதலில் நினைப்பது மெக்கல் பையைத்தான்.

கரு வளரும் ஆரம்ப வாரங்களில் குழந்தையின் குடலுக்கும் தொப்புள் வழியாக வெளியே இருக்கும் கருவுணவுப் பைக்கும் இடையில் ஒரு சிறு குழாய் இருக்கும். ஏறக்குறைய ஏழாம் வாரத்தில் அது சுருங்கி மறைந்து விடும். நூற்றுக்குச் சுமார் 2 பேருக்கு முழுவதும் மறையாமல், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் விரல் நுனி போல ஒரு சிறு பை தங்கி விடுகிறது. ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் யோஹன் ஃபிரெடரிக் மெக்கல் 1809-ல் இதன் பிறப்பை விளக்கினார். அதனால்தான் அந்தப் பெயர். இந்தப் பை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆகவே, "என் பிள்ளைக்கும் இருக்குமோ" என்று ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளையைச் சோதனைக்குக் கூட்டிச் செல்ல வேண்டிய அவசியமில்லை.

தொந்தரவு எப்படி வருகிறது? சிலருடைய பையின் உட்சவ்வில், குடலின் சவ்வுக்குப் பதிலாக இரைப்பையின் சவ்வு அமைந்து விடுகிறது. இரைப்பைச் சவ்வின் வேலை அமிலம் சுரப்பது. எங்கே இருந்தாலும் அது தன் வேலையைச் செய்கிறது. பக்கத்தில் இருக்கும் சிறுகுடலுக்கோ அமிலத்தைத் தாங்கும் சக்தி கிடையாது. அங்கே புண் ஏற்பட்டு, புண் ஓர் இரத்தக் குழாயைத் தொட்டவுடன் இரத்தம் கொட்டுகிறது.

இந்தக் குணமே நோயைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. டெக்னீசியம் என்ற, மிகக் குறைந்த கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசி மூலம் செலுத்தினால் அதை இரைப்பைச் சவ்வு இழுத்துக் கொள்ளும். சிறப்புக் காமிராவில் பார்த்தால் இரைப்பை ஒரு புள்ளியாகத் தெரியும். அடிவயிற்றில் இன்னொரு புள்ளி தெரிந்தால் அதுதான் மெக்கல் பை. சிறுவர்களிடம் இந்த ஸ்கேன் நல்ல பலன் தருகிறது. பெரியவர்களிடம் தவறிப் போவது அதிகம். ஸ்கேனில் தெரியவில்லை என்றாலும், இரத்தம் திரும்பத் திரும்பப் போனால், அறுவை நிபுணர் லேப்ராஸ்கோப்பி மூலம் வயிற்றுக்குள் நேரில் பார்ப்பார். பையைப் புண்ணோடு சேர்த்து எடுத்து விட்டால் அந்த நோய் அத்துடன் தீர்ந்தது. இத்தனை பயமுறுத்தும் ஒரு நோய்க்கு இவ்வளவு முழுமையான பரிகாரம் இருப்பது வைத்தியத்தில் அடிக்கடி காணக்கூடியது அல்ல. கண்டுபிடிக்காமல் விட்ட பிள்ளைதான் வருடக்கணக்கில் சோகையோடு பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிறது.

தாய்மார்கள் சொல்லாமல் விடுவது

பெண்களிடம் இந்தப் பேச்சை எடுப்பதே கஷ்டம். புருஷனிடமும் சொல்வதில்லை, மாமியாரிடமும் சொல்வதில்லை. சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து தனியாகக் கேட்டால் மட்டும், "கொஞ்ச நாளா போவுதும்மா" என்று மெல்லச் சொல்வார்கள். அந்தக் "கொஞ்ச நாள்" இரண்டு வருடமாக இருக்கும். அவர்கள் கவனிக்க வேண்டிய அபூர்வக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, மாதவிலக்கு நாட்களில் மட்டும் மலத்தோடு இரத்தம் போவது. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு சிலருக்குக் கருப்பைக்கு வெளியே, குடலின் மேலும் வளர்வதுண்டு. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். அது குடலுக்குள் வரை பரவுவது குறைவு. பரவினால், விலக்கு நாளில் கடுமையான வலியும், மலம் போகையில் வலியும், சில சமயம் இரத்தமும் இருக்கும். குடலின் வெளிப்புறத்திலிருந்து வளர்வதால் கொலனாஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இரத்தம் போன தேதியையும் விலக்குத் தேதியையும் ஒரே காலண்டரில் குறித்து வந்தால், அந்தக் காலண்டரே டாக்டருக்குப் பாதி வழியைக் காட்டி விடும். ஹார்மோன் மாத்திரைகளாலும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையாலும் குணம் கிடைக்கும்.

இரண்டாவது, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வருவது. நோய் குணமாகி வீடு திரும்பிய ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள், சிலருக்கு அதற்கும் பிறகு, மலத்தோடு இரத்தம் வரலாம். உடனே, "புற்று திரும்பி வந்துடுச்சு" என்று இடிந்து போகிறார்கள், அல்லது மூலம் என்று யாரிடமாவது போகிறார்கள். கருப்பை வாய்க்குப் பின்னால்தான் மலக்குடல் இருக்கிறது. கதிர் பட்ட இடத்தில் சவ்வு நலிந்து, மெல்லிய இரத்தக் குழாய்கள் சிலந்தி வலை போல மேலெழும்பி வந்து கசிகின்றன. புற்றும் திரும்பியிருக்கிறதா என்று டாக்டர் பார்த்துத் தெளிவுபடுத்துவார். கசிவு அதிகமானால் ஆர்கான் வாயு வழியாகச் செலுத்தும் மின்சூட்டால் அந்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கிறார்கள். சுக்ரால்ஃபேட் மருந்தை ஆசனவாய் வழியாகச் செலுத்துவதும் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை: கதிர் பட்ட சவ்வு சுலபத்தில் ஆறாது. அங்கே மூலம் என்று நினைத்து வெட்டினாலோ, காரமருந்து வைத்தாலோ ஆறாத புண்ணாகி, மலக்குடலுக்கும் பிறப்பு வழிக்கும் இடையில் துளையே விழுந்து விடலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்ததை எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்லி விடுங்கள்.

"மூலம், பௌத்திரம்" போர்டுகள்

பஸ் நிலையத்துக்கு எதிரில், கடைத்தெரு மாடியில், "மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில்" என்று மஞ்சள் போர்டு தொங்காத ஊர் குறைவு. அங்கே என்ன ஊசி போடுகிறார்கள், எதைக் கட்டுகிறார்கள் என்பது போட்டுக் கொண்டவருக்கும் தெரிவதில்லை. நீண்ட காலம் குடித்தோ, மஞ்சள் காமாலைக் கிருமிகளாலோ கல்லீரல் சுருங்கிப் போனவர்களுக்கு இது உயிராபத்து. கல்லீரல் வழியாகப் போக முடியாத இரத்தம் வேறு வழி தேடும்போது, உணவுக் குழாயில் இரத்தக் குழாய்கள் புடைப்பது போல மலக்குடலிலும் புடைக்கின்றன. பார்வைக்கு மூலம் போலவே இருக்கும். அதைத் தெரியாமல் குத்தினாலோ வெட்டினாலோ நிறுத்த முடியாத இரத்தப் போக்கு ஏற்படும். குடிப்பழக்கம் உள்ளவருக்கு, வயிறு உப்பியவருக்கு, கண் மஞ்சளானவருக்கு ஆசனவாயில் இரத்தம் வந்தால் நேராக மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோதான் போக வேண்டும். உண்மையான காரணம் கல்லீரலில் இருப்பதால் சிகிச்சையும் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

இளவயதினர் சிலர் கழிப்பறையில் நெடுநேரம் உட்கார்ந்து முக்குவதாலும், விரலால் மலத்தை எடுப்பதாலும் மலக்குடலில் தனிப் புண் வந்து, சளியும் இரத்தமும் போகும். இது புற்றுப் போலவே தெரிந்து பயமுறுத்தும். சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நார்ச்சத்துள்ள உணவும், முக்காமல் இருக்கப் பழகுவதும்தான் இதற்கு முக்கிய மருந்து.

காய்ச்சல் நீடித்து மூன்றாவது வாரத்தில் இரத்தமாகப் போனால் டைபாய்டில் குடற்புண் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். முன்பு இதைப் பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை. மருந்துகள் வந்த பிறகு குறைந்திருக்கிறது, பாதி மருந்தோடு நிறுத்துகிறவர்களிடம் இன்னும் வருகிறது. குடல் காசநோயும் எப்போதாவது இரத்தமாக வெளிப்படும். அதற்குரிய மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வயதானவர்கள்

60 வயதுக்கு மேல், குடலின் உட்சவ்வில் சிறு இரத்தக் குழாய்கள் தளர்ந்து முடிச்சுப் போலப் பின்னிக் கொள்வதுண்டு. ஆஞ்சியோடிஸ்பிளேசியா என்பார்கள். பெருங்குடலின் வலது பக்கத்திலும் சிறுகுடலிலும் அதிகம். கண்ணுக்குத் தெரியாமலே துளித் துளியாகக் கசியும். பெரியவருக்கு முகம் வெளுத்து, நடக்க முடியாமல் போவதுதான் முதல் அடையாளம். "வயசாயிடுச்சு இல்ல" என்று வீட்டில் விட்டு விடுகிறார்கள். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்து கொள்பவர்களுக்கும் இது வரும்.

இதயத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அமெரிக்க டாக்டர் எட்வர்ட் ஹெய்ட் என்பவர், இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்குக் காரணம் தெரியாமல் குடலில் இரத்தம் போவதை 1958-ல் எழுதினார். ஏன் என்பது வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது. சுருங்கிய வால்வின் இடுக்கு வழியாக இரத்தம் பீறிட்டுப் பாயும்போது, இரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் சிதைந்து போகிறது. அதனால் குடலில் உள்ள பலவீனமான குழாய் கசியத் தொடங்கினால் நிற்பதில்லை. வால்வைச் சரி செய்தால் பலருக்குக் குடலின் இரத்தப் போக்கும் நின்று விடுகிறது. வயிற்றுக்கு வைத்தியம் பார்க்க வந்தவருக்கு நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, சவ்வுக்கு அடியில் இருக்கக் கூடாத அளவுக்குப் பெரிய தமனி ஒன்று ஓடி, புண்ணே இல்லாமல் திடீரென்று பிய்த்துக் கொண்டு பீறிடுவது. பிரெஞ்சு மருத்துவர் தியூலஃபுவா பெயரால் இது அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் இரைப்பையில் வரும், அபூர்வமாகப் பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும். இரத்தம் நின்று விட்டால் குண்டூசித் தலை அளவு புள்ளி தவிர வேறொன்றும் தெரியாது. இரத்தம் வரும் நேரத்தில் பார்த்து விட்டால் உலோகக் கிளிப் போட்டு அடைத்து விடலாம்.

மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகள் இரைப்பையை மட்டும் புண்ணாக்குவதில்லை, சிறுகுடலையும் புண்ணாக்குகின்றன. பெரியவர் என்னென்ன மாத்திரை விழுங்குகிறார் என்று அட்டைகளோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டெண்ட் வைத்தவருக்கு அது மாரடைப்பில் கொண்டு போய் விடலாம். அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

டாக்டர்கள் எப்படித் தேடுகிறார்கள்?

நிறைய இரத்தம் போனவருக்கு முதல் வேலை உயிரைக் காப்பது. சலைன் ஏற்றுவது, இரத்த வகை பார்ப்பது, தேவையானால் இரத்தம் ஏற்றுவது. முதல் சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் அளவு குறையாமலே காட்டும் என்பதை உறவினர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். போனது முழு இரத்தம் என்பதால் மிச்சமிருப்பதன் அடர்த்தி உடனே மாறாது. "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று சீட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பி விடாதீர்கள்.

பிறகு விரலால் பரிசோதனை. கூச்சப்படுகிறார்கள், அரை நிமிட வேலை. ஆசனவாயில் மூலம் இருப்பது தெரிந்தாலும், அதுவேதான் இரத்தத்துக்குக் காரணம் என்று நல்ல டாக்டர் உடனே முடிவு கட்டுவதில்லை. மூலம் பலருக்கும் இருக்கும். அதே ஆளுக்கு மேலே வேறொன்றும் இருக்கலாம்.

அடுத்து மேலிருந்தும் கீழிருந்தும் உள்நோக்கிச் சோதனைகள். கொலனாஸ்கோப்பிக்கு முன் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து நீரை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டியிருக்கும். அது உவர்ப்பாகக் குமட்டும். மிச்சம் வைத்தால் குடல் சுத்தமாகாது, பார்க்க வேண்டியது மறைந்து போகும், மறுபடி முதலிலிருந்து செய்ய நேரும். பாதி "ஒன்றும் தெரியவில்லை" ரிப்போர்ட்டுகளுக்கு இந்த மிச்சம் வைத்த டம்ளர்தான் காரணம் என்று சொன்னால் டாக்டர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

இரத்தம் வேகமாகப் போய்க் கொண்டிருந்தால், இரத்தக் குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் இடத்தைக் காட்டி விடும். நிமிடத்துக்கு அரை மில்லி லிட்டர் கசிந்தாலே போதும். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் கிளையை நுண்ணிய கம்பிச் சுருளால் அடைப்பதும் உண்டு. வயிற்றைத் திறக்காமலே பலர் இப்படிப் பிழைக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் பார்த்து ஒன்றும் தெரியாதவர்களுக்குக் காப்ஸ்யூல் சோதனை இருக்கிறது. மாத்திரை வடிவில், ஏறக்குறைய 26 மில்லி மீட்டர் நீளத்தில் ஒரு குட்டிக் காமிரா. 2001-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. விழுங்கினால் சுமார் 8 மணி நேரம் குடலுக்குள் பயணம் செய்து ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அனுப்பும். வலி கிடையாது. இரத்தம் போன 2 நாட்களுக்குள் விழுங்கினால் பலன் அதிகம். அதனால்தான் இரத்தம் போகும்போதே வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். குடலில் சுருக்கம் இருந்தால் காப்ஸ்யூல் மாட்டிக் கொள்ளும் என்பதால், காசநோய் வந்தவர்களும் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களும் முன்னதாகச் சொல்லி விட வேண்டும். அது மலத்தோடு வெளியேறியது உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூடாது. காப்ஸ்யூல் இடத்தைக் காட்டும், வைத்தியம் செய்யாது. வைத்தியத்துக்கு, ஜப்பானிய டாக்டர் ஹிரோனோரி யமாமோட்டோ 2001-ல் வெளியிட்ட இரட்டைப் பலூன் உள்நோக்கி உதவுகிறது. பலூன்களை மாற்றி மாற்றி ஊதி, பாவாடை நாடா கோர்ப்பது போலச் சிறுகுடலைச் சுருக்கிக் கொண்டே உள்ளே போகும் கருவி அது. பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே இருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் அதைக் கையோடு கொண்டு போகவும். எந்தச் சோதனை, எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகக் கேட்டுக் கொள்ளலாம்.

உடனே புறப்பட வேண்டிய அடையாளங்கள்

எழுந்து நின்றால் தலை கிறுகிறுப்பது, குளிர்ந்த வியர்வை, நாக்கு வறண்ட தாகம், நெஞ்சு படபடப்பு, சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். சாப்பாடும் கஷாயமும் கொடுக்க வேண்டாம், சோதனை செய்ய இடைஞ்சலாகும். வலி மாத்திரை கூடவே கூடாது. இரத்தம் கொடுக்கக் கூடிய திடகாத்திரமான உறவினர் இரண்டு பேர் கூட வந்தால் நல்லது.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு, கசிவு நின்றாலும் உடம்பில் இரும்புச் சத்து காலியாக இருக்கும். ஹீமோகுளோபின் சரியாகி வந்த பிறகும் சுமார் மூன்று மாதம் இரும்புச் சத்து மாத்திரை தொடர வேண்டும். ஆஞ்சியோடிஸ்பிளேசியா போன்றவை வேறோர் இடத்தில் மறுபடி கசியக் கூடியவை. ஆகவே டாக்டர் சொன்ன தேதியில் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேன் படங்களையும் ஒரே பையில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். அடுத்த முறை நள்ளிரவில் இரத்தம் போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினால், பணியில் இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான்.